டாக்டரின் தூக்கம்

"டாக்டர் தூங்கிட்டே வர்றாராம். உங்க மோட்டார் தானா வீட்டுல கொண்டுவந்து விடுதாம். மாதாகோயில்ல இதே பேச்சு" என்று சிரித்தபடி கணவன் லெமுவேல் முன்னால் சோளரொட்டியை வைத்தாள் ஹல்டா.

லெமுவேல் ரொட்டியைத் தள்ளிவைத்தார். இண்டியானாவில் அந்த வட்டாரம் முழுக்கக் குதிரை வண்டி கட்டிக்கொடுத்த ஆள். மோட்டார் கார் வந்து வியாபாரம் படுத்துவிடவே, கட்டி வைத்திருந்த வண்டி ஒன்றின் இருக்கைக்கு அடியில் என்ஜினை ஏற்றி, டாக்டர் ஆர்விக் தலையில் கட்டியிருந்தார். இப்போது அது தானாக வீடு சேர்க்கிறது என்று கேள்விப்பட்டு, எனக்கும் ஒன்று என்று விவசாயிகள் பட்டறை வாசலில் நிற்கிறார்கள்.

"தானா எப்படி வரும் ஹல்டா? அது என்ன நாய்க்குட்டியா? அந்த மனுஷன் வண்டியில ஏறினாலே கண்ணை மூடுற ஆளு. ஒருநாள் ஆத்துல விட்டா அவரும் காலி, நம்ம பட்டறையும் காலி."

"அப்ப போய்ச் சொல்லுங்க."

"சொன்னா வண்டியே வேணாம்னுடுவாரு. அப்புறம் ஒருத்தன் வாங்க மாட்டான்."

"போகட்டுமே. ஆளாவது மிஞ்சுவாருல்ல?"

அவள் சொன்னது சரி என்பதுதான் அவருக்கு எரிச்சலாக இருந்தது. தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

டாக்டர் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நன்றாகத் தூங்கி எழுந்த முகம்.

"வாங்க லெமுவேல். தங்கமான வண்டிய்யா இது."

"கோவிச்சுக்காதீங்க டாக்டர். ராத்திரி தூங்கிட்டேவா வர்றீங்க?"

"பின்னே? பிரசவம் பார்த்துட்டு வர்றவன் வேற என்ன பண்ணுவான்? பாலம் தாண்டினதும் கண்ணை மூடுவேன். முழிச்சா வீடு."

லெமுவேல் தலையில் கைவைத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா, அதுக்குக் கண்ணு கிடையாது. சத்தியமா நான் வைக்கலை. இனிமே தூங்காதீங்க. முடியாதுன்னா வண்டியை நானே திருப்பி எடுத்துக்கறேன். என் பட்டறை போனாப் போகட்டும்."

டாக்டர் துணியைக் கீழே போட்டுவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்க வண்டி, உங்களுக்கே தெரியலையா? பகல்லதான் என்ஜின். முன்பக்கம் குதிரை பூட்டற கொக்கியைக் கழட்டாம அப்படியே விட்டிருக்கீங்களே, எவ்வளவு யோசனையா பண்ணியிருக்கீங்கன்னு ஊரெல்லாம் உங்களைத்தான் புகழறேன். பொழுது சாஞ்சு யாராவது கூப்பிட்டா, நான் லாயத்துலேர்ந்து என் குதிரை பெக்கியைக் கொண்டுவந்து பூட்டிட்டுல்ல கிளம்பறேன்?"