சுவர்ப் பக்கத்து இண்டிகேட்டர்

சுரங்கச்சாலையின் கண்காணிப்பு அறையில் அவளுக்கு வேலை. மூன்று நாளாகக் காலையில், உள்ளே போன வண்டிகளைவிட ஒன்று கூடுதலாக வெளியே வந்தது. எண்ணும் கருவியை மாற்றியும் அப்படித்தான். வீட்டில் சொன்னாள்.

"உள்ள ஒருத்தர் இண்டிகேட்டர் போட்டுக் காத்திருப்பாரு. பாவம்னு நான்தான் வழி விடுறேன்" என்றான், தினமும் காலையில் அந்த வழியாக வேலைக்குப் போகும் கணவன்.

"எந்தப் பக்கம்ங்க?"

"இடது பக்கம்."

அவன் ஓட்டுவதே இடது ஓரத்தில்தான். அதற்கப்புறம் சுவர்.

மறுநாள் ஆவல் தாங்காமல் அவளும் கூடப் போனாள். பாதி வழியில் சுவருக்குள் மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. கணவன் வேகத்தைக் குறைத்தான். சாம்பல் நிறக் கார் ஒன்று நிதானமாக வெளியே வந்து முன்னால் சேர்ந்தது. ஓட்டியவர் கையை உயர்த்தினார்.

"பாத்தியா? இந்தக் காலத்துல யாரு நன்றி சொல்றா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் வந்த பேருந்தும் அதே இடத்தில் நின்று, முன்னால் இடம் விட்டுக் காத்திருந்தது.