முசுறுக்கு எத்தனை ஆயுசு?

பூஜாவின் கை இரண்டும் சிவந்து தடித்திருப்பதைப் பார்த்ததுமே அறிவழகனுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"மங்கலம் அத்தை தோப்புக்குள்ள போனியா?"

"முந்திரிப்பழம் பறிக்கலாம்னு கிளையத் தொட்டேம்பா. முசுறு மேல ஏறிடுச்சு" என்று விசும்பினாள் மகள்.

முசுறு சாதாரண எறும்பு இல்லை. இலைகளைச் சேர்த்துத் தைத்து மரத்திலேயே கூடு கட்டும் சிவப்பு எறும்பு. கடித்தால் பெரிய ஆளே துள்ளுவான்.

ஊரே மங்கலத்தைப் பற்றி இதைத்தான் பேசியது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் நாலு பழம் தின்றுவிடக் கூடாதாம். அதற்காக வாரா வாரம் கடலூர் முதுநகர் வரைக்கும் போய் மீன் கழிவு வாங்கி வந்து, கிளையில் கட்டித் தொங்கவிட்டு, எறும்பு வளர்க்கிறாளாம்!

அண்ணாகிராமத்தில் பூச்சிமருந்துக் கடை வைத்திருப்பவனுக்கு எறும்பெல்லாம் ஒரு விஷயமா? ஸ்பிரேயர் டேங்க்கை முதுகில் மாட்டிக்கொண்டு நேராகத் தோப்புக்குப் போனான் அறிவழகன்.

மங்கலம் மரத்தடியில் அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தாள்.

"நல்ல நேரத்துல வந்தே தம்பி. இந்த முசுறுக்கு ஆயுசு எவ்ளோ?"

வந்த கோபத்தை எங்கே ஆரம்பிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. தொழில்காரன், பதில் தானாக வந்தது.

"இதெல்லாம் வேலைக்கார எறும்புக்கா. மிஞ்சிப்போனா சில மாசம். ராணி எறும்புதான் வருஷக்கணக்கா கெடக்கும். ஆம்பள எறும்பு ஜோடி சேந்ததோட சரி, போய்ச் சேந்துடும்."

"அடப்பாவமே! ராணி செத்துட்டா?"

"அப்புறம் முட்டை போட ஆளு ஏது? கொஞ்சங் கொஞ்சமா கூடே காலி. அதான் அடிக்க வந்திருக்கேன்."

அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"இந்த வருஷம் ரொம்பக் கொறஞ்சி போச்சே தம்பி. தீனி பத்தலையா, வெயிலு ஜாஸ்தியா?"

"ரெண்டுந்தான். ஆனா பக்கத்துத் தோப்புல போன மாசம் மருந்து அடிச்சாங்களே, அது காத்துல இங்க வந்திருக்கும். நம்ம கடை மருந்துக்கா, சும்மாவா!"

"அடுத்த தபா காத்து இல்லாதப்ப அடிக்கச் சொல்லேன். இதுங்க நல்லா இருக்கணும்."

அறிவழகனுக்குப் பொறுமை போய்விட்டது.

"என்னக்கா பேசுறீங்க? எம் பொண்ணு கை வீங்கிக் கெடக்குது. ரெண்டு பழத்துக்காகப் பச்சப்புள்ளைய எறும்ப வுட்டுக் கடிக்க வுடுறீங்களே, நல்லாருக்குதா?"

மங்கலத்தின் முகம் மாறியது.

"பூஜாவா? அய்யோ... எந்த மரத்தாண்ட?"

"தோ, இந்தக் கடைசி மரந்தான்."

"அதத் தாண்டிப் போவலியே?"

"எங்கேர்ந்து தாண்டுறது? கத்திக்கிட்டே வூட்டுக்கு ஓடியாந்துட்டா."

"அப்பாடா!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள் மங்கலம்.

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்பிரேயர் குழாயைக் கையில் எடுத்தான்.

"அடி தம்பி, வேணாங்கல. அதுக்கு முன்னாடி ஒரு தபா இப்பிடி வா."

வரப்போடு சுற்றி, மரங்களுக்குப் பின்பக்கம் அழைத்துப் போனாள். கோவைக்கொடி படர்ந்து தரை பச்சைப்பசேலென்று கிடந்தது. ஒரு கழியால் கொடியை மெல்ல விலக்கினாள்.

தரையோடு தரையாக ஒரு பாழுங்கிணறு. சுற்றுச்சுவரே இல்லை.

அறிவழகன் ஒரு கல்லைத் தள்ளிவிட்டுப் பார்த்தான். சத்தம் மேலே வர நேரமானது. திரும்பிக் கடைசி மரத்தைப் பார்த்தான். எட்டி நடந்தால் வந்துவிடும் தூரம். முதுகிலிருந்த டேங்க்கை இறக்கி வைத்தான்.

"இத மூடக் கூடாதாக்கா?"

"பங்காளிங்க கேஸ் போட்டு வச்சிருக்காங்க. தீர்ப்பு வர்ற வரைக்கும் தொடக் கூடாதாம்."

"புள்ளைங்ககிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, கெணறு எங்க இருக்குதுன்னு பாக்கவே வரும்ங்க."

"ஒரு வேலி..."

"போட்டேனே! முள்ளுக்கம்பி கட்டுன மறுவாரமே ராவோட ராவா கழட்டி எடைக்குப் போட்டுட்டானுவ. எறும்ப எவன் கழட்டிட்டுப் போவான், நீயே சொல்லு தம்பி!"