ராஜினாமாவை அழித்த எடிட்டர்

மாலை வெயில் திரையில் விழாதபடி அவள் ஜன்னலை மறைத்து நிற்கிறாள். அலுவலகத்தின் பெரிய கணினியை அடுத்த வாரம் கழற்றிவிடுவார்கள். இருபது வருடம் அதிலேயே புரோகிராம் எழுதிய, அவள் அண்ணன் என்றே அழைக்கும் மூத்த ஊழியருக்கு மேசைக் கணினியில் கை படியவேயில்லை. அவருக்காகத்தான், அதில் அவர் புரோகிராம் தட்டிய பழைய எடிட்டர் மென்பொருளைப் போலவே ஒன்றை அவள் நான்கு மாதமாக எழுதியிருக்கிறாள். “தட்டிப் பாருங்கண்ணே.” அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு கோப்பைத் திறக்கிறார். இடது ஓரத்தில் வரி எண்கள் வந்து நிற்கின்றன. பக்கத்தில் அவருடைய ராஜினாமா கடிதம். “இது எப்போண்ணே எழுதினீங்க?” “போன வாரம். கொஞ்சம் பேசாம இரும்மா.” கீழே குனிந்து பார்க்காமலே அவர் விரல்கள் ஓடுகின்றன. முதல் வரியின் எண்மேல் இரண்டு ‘டி’, கடைசி வரியின் எண்மேல் இரண்டு ‘டி’: இடையில் உள்ள எல்லா வரிகளையும் அழிக்கும் பழைய கட்டளை. என்டரைத் தட்டுகிறார். கடிதம் மொத்தமும் சட்டென்று மறைந்து, காலித் திரையில் கர்சர் மட்டும் மினுக்குகிறது. அவர் நாற்காலியில் சாய்ந்து, தோள் குலுங்கச் சிரிக்கிறார். “அச்சு அசல் அதேதாம்மா! விரல் எதையும் தேடவே இல்ல.” அவளுக்கு அப்போதுதான் மூச்சே வருகிறது. “இப்படியே காலியா சேவ் பண்ணிடவாண்ணே?” “பண்ணு, பண்ணு,” என்கிறார், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தபடி.