புளிச்சக்கீரை இலை

அம்மா நீட்டிய புது காலர் பனியனைப் பிரித்தவன் அப்படியே நின்றான்.

"போட்டுக்க சாமி. அழுக்குச் சட்டையோட ஜட்ஜம்மா முன்னால நிக்காத," என்றாள் அம்மா.

கோர்ட் வராந்தா. கூட வந்த போலீஸ்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் பத்து நிமிடத்தில் மகனின் ஜாமீன் மனு. பையில் கஞ்சாப் பொட்டலம் வைத்திருந்தான் என்று நாற்பது நாளாக உள்ளே இருக்கிறான்.

பனியனை அவன் போடவில்லை.

போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார். நெஞ்சுப் பக்கம் பச்சை நூலில் ஓர் இலை. விரித்த விரல்கள் ஏழு.

"ஏனுங்கம்மா, வெளையாடறீங்களா? எங்க புடிச்சீங்க இதை?"

"எங்க கம்பெனி பீசுங்க. தையல் கோணல்னு கழிச்சுப் போட்டாங்க. புளிச்சக்கீரைங்க அது."

"கஞ்சா இலைங்கம்மா."

அவளுக்குக் காதில் ஏறவில்லை.

எட்டு மாதமாக அவள் மெஷினில் ஓடும் இலை. பருத்தி ஆர்டர் படுத்துவிட்டதும் கம்பெனி புதுத் துணிக்கு மாறியது. கப்பலில் வருகிறது; பனியனாகி ஜெர்மனிக்குப் போகிறது. ஹெம்ப் என்றார் சூப்பர்வைசர்.

அவள் இலையைத்தான் பார்த்தாள். புளிச்சையேதான். அதன் தண்டில் நார் உரிப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறாள். அதிலும் துணியா என்று ஆச்சரியப்பட்டாள். புளிச்சை என்று அவள் சொன்னபோது பக்கத்து மெஷின் பெண்கள் ஏன் சிரித்தார்கள் என்று இப்போதுதான் தெரிந்தது.

"பதறாதீங்க. இது கஞ்சாச் செடி நார்த் துணிங்க; போதை இல்லாத ரகம், சட்டப்படிதான் வருது," என்றார் போலீஸ்காரர். "இன்னிக்கு மட்டும் வேண்டாம்."

அவள் தன் கைகளைப் பார்த்தாள். இந்தக் கையால்தான். அத்தனை இலையும் இந்தக் கையால்தான்.

மகன் பழைய சட்டையின் பொத்தானைத் திரும்பப் போட்டான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கூப்பிட்டார்கள்.

உள்ளே வக்கீல் மளமளவென்று பேசினார். பெற்ற தாயே ஜாமீன் நிற்கிறார். பதினோரு வருடமாக ஒரே கம்பெனி. கௌரவமான வேலை.

நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"கம்பெனி கார்டு இருக்காம்மா?"

இருந்தது. மறக்காமல் கொண்டுவரச் சொல்லி வக்கீல் இரண்டு முறை போன் செய்திருந்தார். பர்ஸைத் திறந்து எடுத்தாள்.

போன மாதம் கம்பெனியின் புதுச் சின்னத்தோடு எல்லோருக்கும் அடித்துக் கொடுத்த அட்டை.

அவள் முகத்துக்குப் பக்கத்தில், முகத்தைவிடப் பெரிதாக, அதே இலை.

"கொண்டாங்கம்மா."

கூண்டிலிருந்து மகன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் விரல்கள் அட்டையை விடவில்லை.