கரடியின் காதில் சொன்னது

“நிறுத்துங்க ஷூட்டிங்கை! அந்த ஆளு என் பொண்ணு காதுல என்ன ஓதுறான்?”

அம்மா போட்ட சத்தத்தில், விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

கழுத்திலிருந்து கால்வரை பச்சை உடை மாட்டிக்கொண்டு தரையில் தவழ்ந்துகொண்டிருந்தவன் மெதுவாக எழுந்தான். படத்தில் அவன் வரமாட்டான். அவனை அழித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பேசும் கரடியைக் கம்ப்யூட்டரில் வரைந்துவிடுவார்கள். நடிக்கிற குழந்தைக்கு எதிரே பார்த்துப் பேச ஒரு முகம் வேண்டுமே, அதற்குத்தான் அவன்.

ஏழு வயசுச் சிட்டு ஓடிப்போய் அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

அம்மாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. பெற்றவள் குத்துக்கல்லாட்டம் நிற்கிறேன், அவன் பின்னாலா போய் ஒளிவாள்?

“என்னம்மா ஆச்சு?” டைரக்டர் ஓடி வந்தார்.

“நாலு நாளா பார்க்கிறேன் சார். அழுகை சீன்னா முன்னெல்லாம் நான்தான் தனியா கூட்டிட்டுப் போய்த் தயார் பண்ணி அனுப்புவேன். ‘உங்க கை ராசியான கை’ன்னு நீங்களே சொன்னீங்க. இப்ப என்னைத் தேடுறதே இல்லை. இவன் அவ காதுல என்னமோ சொல்றான், குழந்தை பொலபொலன்னு அழறா. என்ன சொல்லி மிரட்டுறான்னு கேளுங்க!”

டைரக்டர் முகம் மாறியது. “என்னப்பா சொல்ற குழந்தைகிட்ட?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “அது எங்களுக்குள்ள சார்.”

“கேட்டீங்களா! எங்களுக்குள்ளயாம்!” அம்மா நெஞ்சில் கை வைத்தாள்.

உடைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா பதறிப்போய்ச் சிட்டுவை இழுத்து அணைத்துக்கொண்டாள். குழந்தைக்குக் குளிர் ஆகாது என்று அம்மா சொன்னதற்காக, எல்லாக் கவுனுக்கும் முழுக்கை வைத்துத் தைத்தவள் அவள்.

“சொல்லிடு. இல்லைன்னா இப்பவே கிளம்பு” என்றார் டைரக்டர்.

“கிளம்பறேன் சார்.”

“கரடி மாமா போகக்கூடாது!” சிட்டு வீறிட்டாள்.

அப்போது சவுண்ட்காரர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். “சார்... பாப்பா காலர்ல மைக் இருக்கு. காலைல ஒத்திகை நடக்கும்போது அதை அணைக்க மறந்துட்டேன். நான் இன்னும் கேட்கலை. ஆனா எல்லாம் பதிவாகியிருக்கும்.”

“போடுங்க!” அம்மா துள்ளினாள். “ஸ்பீக்கர்லயே போடுங்க! இவன் யோக்கியதையை ஊரே கேட்கட்டும்!”

“வேண்டாம்மா.” பச்சை உடைக்காரன் கை கூப்பினான். “உங்களுக்காகத்தான் சொல்றேன். வேண்டாம்.”

“எனக்கென்னய்யா பயம்? மடியில கனம் இருக்கிறவனுக்குத்தான் வழியில பயம். போடுங்க சார்!”

ஸ்பீக்கர் கரகரத்தது. முதலில் அவன் குரல்.

“கரடி இப்ப சாகப்போகுது சிட்டு. என் கண்ணையே பாரு. அழுகை வந்துடும்.”

“வரலைன்னா?”

“வரும்டா கண்ணு. நேத்து வந்துச்சே, முந்தாநாள் வந்துச்சே.”

“சீக்கிரம் செத்துப்போ மாமா. அழுகை வரலைன்னா அம்மா கூட்டிட்டுப் போய்க் கிள்ளுவாங்க. கிள்ளின இடத்துலயே மறுபடியும் கிள்ளுவாங்க.”

சவுண்ட்காரருக்கு ஸ்பீக்கரை அணைக்கக்கூடத் தோன்றவில்லை.

உடைக்கார அக்கா மண்டியிட்டு, சிட்டுவின் முழுக்கைப் பொத்தானைக் கழற்றித் துணியை மேலே சுருட்டினாள். முழங்கைக்கு மேலே பார்த்தவள், வாயைப் பொத்திக்கொண்டாள்.

அம்மா தன் விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

ஸ்பீக்கரில் குழந்தை இன்னும் பேசிக்கொண்டிருந்தது.

“இதை யார்கிட்டயும் சொல்லிடாத மாமா. உன் வேலையே போனாலும் சொல்லாத. எல்லாரும் அம்மாவைத் திட்டுவாங்க. அம்மா பாவம்.”