ஒரு பிடி தேங்காய் நார்

"சும்மா கொடுத்தா வேணாண்ணே. மாத்துக்குத்தான் வந்தேன்" என்று சொல்லி, அல்போன்சா தன் புருஷன் துப்பாக்கி மருந்து போட்டு வைத்திருந்த கொம்பை ஜமுக்காளத்தில் வைத்தாள்.

காஸ்பருக்குச் சங்கடமாகிவிட்டது. செத்துப்போன அவள் புருஷன் லூயிஸ் அவனோடு ஒன்றாய்த் துப்பாக்கி சுட்டவன்.

குழல் வாய்வழியே மருந்து போட்டு இடிக்கிற பழைய துப்பாக்கி வைத்திருந்த சாந்தோம்காரர்கள் சிலர், பூசை முடிந்ததும் கோட்டூர்ப் பக்கம் ஆற்றங்கரையில் கூடுவார்கள். ஓட்டைச் சட்டிகளைச் சுட்டுத் தீர்த்தபின் பண்டமாற்று. மான் தோலுக்குத் தேன்மெழுகு, கொம்புக்குச் சிக்கிமுக்கிக் கல். காசுப் பேச்சே கூடாது. எந்தப் பொருளுக்கு எது மாற்று என்று மூத்தவரான மர்சலின் சொன்னால் அதுதான் முடிவு. வாங்கியது பிடிக்காவிட்டால், அதை அப்படியே திருப்பி வைத்துவிட்டுத் தன் பொருளை எடுத்துக்கொள்ளலாம்.

அல்போன்சாவுக்கு வேண்டியது மெழுகு. யுத்தம் வந்ததிலிருந்து மெழுகுவர்த்தி கண்ணில் படவில்லை. கல்லறைத் திருநாள் நெருங்கிவிட்டது. புருஷன் போன முதல் வருஷம். அவன் கல்லறை மட்டும் இருட்டாகக் கிடக்கக் கூடாது என்றாள். அவன் பேரில் ஏற்றுகிற விளக்கு இரவல் விளக்காகவும் இருக்கக் கூடாதாம்.

லூயிஸ் கண்ணாடிச் சில்லால் இழைத்து இழைத்துப் பளபளப்பாக்கிய எருமைக் கொம்பு அது. மேலே பாய்மரக் கப்பல் ஒன்றைச் செதுக்கியிருந்தான். அதன்மேல் காஸ்பருக்கு வெகுநாளாகவே ஒரு கண். தன்னிடமிருந்த மெழுகு முழுவதையும் கொடுத்துவிடலாம் என்று எடுத்து வைத்தான். நியாயமான மாற்றுதான் என்று மனசுக்குள் ஒரு திருப்தியும் இருந்தது.

மர்சலின் அவன் கையைத் தள்ளிவிட்டார். கொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு ஒரு பிடி தேங்கா நாரு" என்றார்.

துப்பாக்கிக் குழலில் மருந்தை அடைக்கப் போடுகிற நார். எந்தத் தோப்பிலும் காலில் இடறும்.

"அண்ணே, உங்களுக்கே இது அடுக்குமா?" என்றான் காஸ்பர். அவனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மனுஷன் கோயிலில் முழங்காலில் நிற்பதெல்லாம் வெறும் வேஷமா என்று தோன்றியது.

மர்சலின் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அல்போன்சாவின் கையில் நாரைத் திணித்தார். அவள் கண் கலங்கிவிட்டது. மூத்தவர் வார்த்தையை மீறத் தெரியாமல் நாரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு அவர் தன் பையைத் திறந்து, மழைக்காலத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த மெழுகு உருண்டைகளை எல்லாம் எடுத்து அவள் கூடையில் போட்டார்.

"சும்மா வேணாம்னு சொன்னேனே" என்றாள் அவள்.

"சும்மா எவன் குடுத்தான்? இது கொசுறு. கொசுறு வேணாம்னு சொன்ன ஆளை நான் இந்த மெட்ராஸ்லயே பாத்ததில்ல."

காஸ்பருக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. மெழுகைத்தான் கொடுக்கப் போகிறார் என்றால், அதையே மாற்றாகச் சொல்லித் தொலைத்திருக்கலாமே, எதற்கு இந்த நார் நாடகம் என்று முணுமுணுத்தான்.

"மெழுகு எரிஞ்சு பூடும் காஸ்பரு. அப்பால எதைத் திருப்பி வெச்சுக் கொம்பைக் கேக்கும் அந்தப் பொண்ணு?" என்றார் மர்சலின். பிறகு கொம்பை மறுபடி ஜமுக்காளத்தில் வைத்து, அல்போன்சா பக்கம் நகர்த்தினார்.

"இன்னாம்மா, நாரு புடிக்கலையா? வெச்சிட்டு உன் பொருளை எடுத்துக்கினு போ. கொசுறைத் திருப்பிக் கேக்குற வழக்கம் நம்ம கூட்டத்துல கெடையாது."