நாலு பேருக்குத் தெரிந்த தொழில்

"சாருக்கு என்ன மொழி தெரியும்னு சொன்னீங்க?"

கேட்டவள், வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுக்கும் அலுவலகத்தில் விண்ணப்பம் வாங்குகிற பெண். கூட வேலை பார்க்கிறவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'இல்லைம்மா'. காலையில் வந்து உட்கார்ந்தால் சாயங்காலம் வரை "இல்லைம்மா, கிடைக்காதும்மா" என்று சொல்வதுதானே அவள் பிழைப்பு! தீப்பெட்டி அளவு வீட்டுக்கு நாற்பது பேர் முட்டி மோதுகிற ஊரில் வேறு என்னத்தைச் சொல்வாள், பாவம்.

எதிரே இருந்தவர் தொண்டையைச் செருமினார். "பேசுற மொழி இல்லைங்க. கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுற மொழி. ரொம்பப் பழசு. இந்த ஊர்லயே நாலு பேருக்குத்தான் தெரியும்."

"அதுல ஒருத்தர் போன மாசம் ரிட்டயர் ஆயிட்டார்" என்றாள் பக்கத்தில் இருந்த அவர் மனைவி. "இப்போ மூணு."

இல்லைம்மா விவரத்தைத் தட்டினாள். திரையில் வரிசையாகப் பச்சை விழுந்தது. சம்பளம் பச்சை. பழைய வீட்டுக்காரர் கொடுத்த நற்சான்று பச்சை. அவளுக்கே சந்தோஷமாக இருந்தது. கடைசியில் தொழில் என்ற இடத்தில் பளிச்சென்று சிவப்பு.

"இல்லைம்மா..." என்று ஆரம்பித்தாள்.

"ஏன் இல்லை?" மனைவி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

"ஊர்ல அம்பது பேராவது செய்யற தொழிலா இருக்கணுமாம்க்கா. இல்லேன்னா, இந்த வேலை போச்சுன்னா வேற வேலை கிடைக்காது, வாடகை நின்னுடும்னு கம்ப்யூட்டர் தள்ளி விட்டுடுது."

"வேலை போகுமா? இவர் குளிக்கப் போனாக்கூட ஆபீஸ்லேர்ந்து போன் மேல போன்! கதவு இடுக்குல நான் போனை நீட்டணும், இவர் சோப்பு நுரையோட பதில் சொல்லணும். மூணே பேர் இருக்கிற தொழிலுக்குக் கிராக்கி கூடுமா, குறையுமா? நீயே சொல்லும்மா!"

"நீங்க சொல்றது நியாயம்தான்க்கா. ஆனா நான் என்ன பண்றது? ஊர்ல எல்லா ஏஜென்சியிலயும் இதே புரோகிராம்தான்."

"தெரியுமே! இது பன்னிரண்டாவது வீடு. பன்னிரண்டுலயும் இதே சிவப்பு. இன்னும் பத்தொன்பது நாள்ல இருக்கிற வீட்டைக் காலி பண்ணியாகணும். ரெண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு நான் எங்கே போவேன்?"

அவள் குரல் உடைந்தது. இல்லைம்மாவுக்குச் சங்கடமாகிவிட்டது. தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"விடும்மா" என்றார் கணவர் மெதுவாக. "புரோகிராம் எழுதினவன் என்ன பண்ணுவான்? வீட்டுக்காரங்க சொன்னதை எழுதியிருப்பான்."

அவ்வளவுதான். எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றினாற்போல் ஆயிற்று.

"சொன்னா எழுதிடறதா? மண்டையில மூளைன்னு ஒண்ணு இல்லை? ஒரு குடும்பம் நடுத்தெருவுல நிக்குமேன்னு யோசிக்க வேண்டாம்? அந்த ஆளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும்னா நினைக்கறீங்க? அப்படியே ஆகியிருந்தாலும், அவனுக்குக் கழுத்தை நீட்டினவ எந்த ஜன்மத்துல என்ன பாவம் பண்ணினாளோ!"

"அவளுக்கென்ன, நல்லாத்தான் இருப்பா" என்று முனகினார் கணவர்.

"நீங்க பேசாதீங்க!"

இல்லைம்மா சிரிப்பை அடக்கக் குனிந்து மேசை இழுப்பறையைத் திறந்தாள். இப்படியும் ஒரு வாயில்லாப் பூச்சியா! இந்த அம்மா கையில் அகப்பட்டு மனிதர் என்ன பாடு படுகிறாரோ.

"இருங்கக்கா, புகார் படிவம்னு ஒண்ணு இருக்கு. பிரயோஜனம் உண்டான்னு தெரியாது. நான் சேர்ந்து ஆறு வருஷமாச்சு, யாரும் எழுதினதில்லை. எல்லாரும் வாய்க்கு வந்தபடி திட்டிட்டுப் போயிடுவாங்க."

"கொடு. நான் எழுதறேன்."

இழுப்பறையின் அடியிலிருந்து, ஓரம் பழுத்துப்போன ஒரு படிவம் வந்தது. அந்த அம்மாள் எழுதினாள், எழுதினாள், பின்பக்கமும் எழுதினாள். கணவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, கண்ணைக் கசக்கியபடி எட்டிப் பார்த்தார்.

"விதி பதினேழுன்னும் சேர்த்துக்கோ" என்றார் ரகசியமாக.

மனைவி முறைத்தாள். ஆனால் சேர்த்துக்கொண்டாள்.

இல்லைம்மா படிவத்தை ஸ்கேன் செய்து புரோகிராம் கம்பெனிக்கு அனுப்பி, முத்திரை குத்தினாள். "ஆச்சுக்கா. நீங்க கிளம்பலாம்."

"எண்?"

"என்ன எண்?"

"புகார் எண்ணும்மா. அது இல்லாம நான் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்."

சரியான பிடிவாதக்காரி! இல்லைம்மா ஒரு துண்டுச் சீட்டை அச்சடித்து நீட்டினாள். அந்த அம்மாள் வாங்கிக் கைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டு விடுவிடுவென்று நடந்தாள். கணவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனார்.

அவர்கள் போன பிறகுதான் இல்லைம்மா மேசையைப் பார்த்தாள். மூக்குக் கண்ணாடி அங்கேயே இருந்தது. ஐயோ பாவம், இதற்கும் அந்த மனிதர் திட்டு வாங்கப்போகிறாரே! எடுத்துக்கொண்டு ஓடினாள்.

மாடிப்படித் திருப்பத்தில் பேச்சுக் குரல் கேட்டது. இல்லைம்மா நின்றுவிட்டாள். சற்றுமுன் குரல் உடைந்த அம்மாள், அங்கே வாயெல்லாம் பல்லாக அந்தச் சீட்டைக் கணவர் கையில் திணித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தாங்க, புகார் எண்! யாராவது புகார் கொடுத்தாத்தான் நீங்க எழுதின புரோகிராம்லயே நீங்க கை வைக்க முடியும்னு மூணு மாசமா மூக்கால அழுதீங்களே, திங்கக்கிழமை ஆபீஸ் போனதும் முதல் வேலையா அந்தப் பதினேழைத் தூக்கி எறிங்க!"